ஒரு முழங்கால், மூன்று வேண்டுதல்கள்: வில்லியனூரிலிருந்து வடலூர் வரை

நாள் 1 – 2025 ஜூன் 13, வெள்ளி. வில்லியனூர்

கோழிக்கோட்டிலிருந்து சேலம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து இன்று காலை புதுச்சேரி வந்து சேர்ந்தேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு ஜோடி பூட்ஸ். அறையில் இருந்த மற்ற சாமான்களை உடன் ஆடிய பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன். மே 31-ஓடு கால்பந்து கிளப்போடு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வருடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். 18-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வயது 33. ஆடும் இடம் லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் நின்று தடுக்கிறவன்.

இது இரண்டரை வருடமாகத் தள்ளிப்போன பயணம். 2022 பிப்ரவரியில் பயிற்சியின்போது என் இடது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் ஏ.சி.எல். என்ற நார் அறுந்தது. யாரும் மோதவில்லை. ஓடிக்கொண்டே திரும்பினேன். உள்ளே கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டிருக்கிறது. மார்ச்சில் அறுவை சிகிச்சை. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து, முழங்காலுக்குள் புதுக் கயிறாக வைத்துக் கட்டினார்கள். மறுபடி ஆட ஒன்பது மாதம் ஆனது. அப்போது நான் இருந்த கிளப் இரண்டு மாதம் சம்பளம் தந்தது, அப்புறம் என் போனை எடுக்கவில்லை. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

அந்த ஒன்பது மாதத்தில் எனக்காக மூன்று வேண்டுதல்கள் வைக்கப்பட்டன. என் மனைவி வில்லியனூர் மாதாவிடம் ஒன்று வைத்தாள். என் அம்மா கடலூர் பாடலீஸ்வரரிடம் ஒன்று, வடலூரில் ஒன்று. கால் சரியாகி, நான் ஆடி, இத்தனை நாள் ஆகியும் மூன்றும் பாக்கி. சீசன் இருந்தது, சீசன் இல்லாதபோது செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, இருந்தது. வேண்டிக்கொண்டவர்கள் மட்டும் போனால் போதாது, கால் உள்ளவனும் வர வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள்.

மனைவியும் மகளும் வில்லியனூரில் அத்தை வீட்டில்தான் இருக்கிறார்கள். பாப்பாவுக்கு எட்டு வயது, பள்ளிக்கூடம் அங்கேயே. நான் வருடத்தில் இரண்டு மாதம் விருந்தாளி மாதிரி வந்துபோகிறவன். இந்த முறை பாப்பா என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "எத்தன நாள்?" என்று கேட்டாள். எப்போதும் முதல் கேள்வி அதுதான். இன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போனோம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1870-களில் எழும்பிய கோயில். லூர்து மாதாவின் சிலை பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்தது என்று அத்தை சொன்னார். எதிரே குளம். உடம்புக்கு முடியாதவர்கள் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எனக்குக் கட்டுப் பிரித்த வாரத்தில் அந்தத் தண்ணீர் ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஆஸ்பத்திரிக்கே வந்தது. மனைவி தினமும் அதைத் தொட்டுத் தழும்பின் மேல் தடவுவாள். பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொள்வார்.

மனைவி கைப்பையிலிருந்து வெள்ளித் தகட்டில் அடித்த சின்னக் கால் ஒன்றை எடுத்தாள். பாப்பா அதை வாங்கிப் பார்த்து, "இது வலது காலுல்ல?" என்றாள். "திருப்பிப் பிடி, இடது கால் ஆயிடும்" என்றாள் மனைவி. அதைக் காணிக்கையாகப் போட்டுவிட்டு, "நன்றி சொல்லுங்க" என்று எனக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றாள்.

எனக்கு வாய் வரவில்லை.

கோபமோ நம்பிக்கையின்மையோ இல்லை. என் முதல் பெரிய ஆட்டம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்த சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த லெஃப்ட் பேக்குக்குத் தொடை நரம்பு கிழிந்தது, மறுநாள் எனக்கு இடம் கிடைத்தது. ஆட்டம் முடிந்த இரவு அம்மாவுக்கு போன் போட்டு, "சாமி கண்ணத் தொறந்துட்டாரும்மா" என்றேன். அவன் என் அடுத்த அறையில் காலில் ஐஸ் கட்டிப் படுத்திருந்தான். சுவர் மெல்லிசு. நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து எதற்கு நன்றி சொல்லப் போனாலும், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று மனம் தேடுகிறது. மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை.

நாள் 2 – ஜூன் 14, சனி. புதுச்சேரி, கடலூர்

காலையில் மனைவியின் தாத்தாவைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப்போனேன். தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் இப்படித்தான் சொல்வார்கள். பென்ஷன் அங்கிருந்து வருகிறது. முன்பெல்லாம் சாயங்காலமானால் நண்பர்களோடு பெத்தாங் ஆடப் போவார். இரும்புக் குண்டை உருட்டி, சின்ன மரக் குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டம். இப்போது தோள் ஒத்துழைப்பதில்லை.

பிரான்ஸ் ஆடினால் தாத்தா வீட்டில் சத்தமே இருக்கக் கூடாது. 1998-லும் 2018-லும் உலகக் கோப்பை வென்றபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாராம். 2022 இறுதி ஆட்டத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். என் கால் அப்போதுதான் ஆட்டத்துக்குத் தயாராகியிருந்தது. 3-3, அப்புறம் பெனால்டியில் அர்ஜென்டினா 4-2. எம்பாப்பே மூன்று கோல் அடித்தும் தோற்றார்கள். தாத்தா மெஸ்ஸியைப் பற்றியோ எம்பாப்பேயைப் பற்றியோ பேசவில்லை. பெனால்டியை வெளியே அடித்த சுவாமெனியைப் பற்றி மட்டும் சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு 22 வயசு. இன்னிக்கு ராத்திரி தூங்க மாட்டான்."

எனக்கும் அப்படி ஓர் ஆட்டம் உண்டு. 2019-ல் ஒரு கோப்பையின் அரையிறுதி. எதிர் அணியில் ஒரு சின்னப் பையன் தவறவிட்டான், கடைசியாக நான் அடித்தேன், உள்ளே போனது. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் படம் ஃப்ரேம் போட்டு கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. படத்தின் மூலையில், எனக்குப் பின்னால், அந்தப் பையன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆட்டத்துக்கு முன் அவனும் புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தான். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

மதியம் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பாப்பாவுக்கு மூன்று நாள் லீவு சொல்லியிருக்கிறோம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் வந்ததும் எனக்கு எப்போதும் மூச்சு கொஞ்சம் மாறும். ஊர் வந்துவிட்டது.

நாள் 3 – ஜூன் 15, ஞாயிறு. தேவனாம்பட்டினம்

மீன்பிடித் தடைக்காலம் நேற்று இரவோடு முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மீன் குஞ்சு பொரிக்கும் காலம், அதைக் கலைக்கக் கூடாது என்பதற்காக. அப்பா ஃபைபர் போட்டுக்காரர், அவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் தடை முடியும் இரவில் தூங்க மாட்டார். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நானும் போய் நின்றேன். துறைமுகத்துப் பக்கமிருந்து கிளம்பிய படகுகளின் விளக்குகள் இருட்டில் ஒவ்வொன்றாக விலகிப் போய்க்கொண்டிருந்தன. அப்பா என் முழங்காலைப் பார்த்து, "மணல்ல நின்னா வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். வலித்தது.

விடிந்ததும் வெள்ளிக் கடற்கரைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அலை ஓரத்து ஈர மணல்தான் மைதானம். அங்கேதான் பந்து எழும்பும். மேலே காய்ந்த மணலில் கால் புதையும். அதில் பத்து வருடம் ஓடியதால்தான் என் தொடைக்குப் பலம் வந்தது என்று பின்னால் ஒரு கோச் சொன்னார். கோல் கம்பம் எங்கள் காலத்தில் கட்டுமரத் துடுப்பு. இப்போது பிளாஸ்டிக் குழாய்.

இந்தக் கரையில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் ஆங்கிலேயர்கள் மராட்டியர்களிடமிருந்து அதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களெல்லாம் கோட்டையோடு சேர்த்தி என்று பேச்சு. சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்தவை குண்டுக் கிராமங்கள் ஆயின. நாங்களும் சின்ன வயதில் அப்படித்தான் எல்லை வைப்போம். பந்தை ஓங்கி உதைத்து, அது எங்கே விழுகிறதோ அதுவரை நம் மைதானம். உதைப்பது எப்போதும் எங்கள் கோல்கீப்பர்தான், அவனுக்குத்தான் கால் நீளம்.

அவனைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதுகிறேன், பெயர் மட்டும் இல்லாமல்.

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே தெரு. கோலில் நின்றுகொண்டு விடாமல் கத்துவான். என்னிடம் கத்துவது ஒன்றேதான்: "எடது! எடது பாரு!" நான் வலது காலில் ஆடிக்கொண்டு நடுவிலேயே ஓடுகிறவன், எங்கள் இடது பக்கம் எப்போதும் காலியாகக் கிடக்கும். அவன் கத்திக் கத்தித்தான் நான் அந்தப் பக்கம் போனேன். இடது காலில் உதைக்கப் பழகினேன். அதுதான் என் தொழில் ஆனது.

2004 டிசம்பர் 26. அதுவும் ஞாயிறு. மார்கழி மாதம். அம்மா என்னை விடியற்காலையில் எழுப்பி, திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்று காலையில் எங்களுக்கும் பக்கத்துக் குப்பத்துப் பையன்களுக்கும் ஆட்டம். நான் அழுதேன். கோயிலில் கொடுத்த வெண்பொங்கலைக்கூட வாங்கவில்லை. அவன் முதல் நாள் இரவே, "நீ வரலன்னா எடது பக்கம் யாருடா நிப்பா?" என்று கேட்டிருந்தான்.

நாங்கள் திரும்பி வந்தபோது வழியில் ஜனங்கள் எதிரே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊரில் நிறைய. அவனும். அவனோடு அன்று ஆடிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேரும்.

அப்பா பிழைத்தார். போட்டு போனது, வலை போனது. சில நாள் கழித்து அம்மா, "சாமிதான் புள்ளையக் காப்பாத்துச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா குறுக்கே வந்து, "அந்தப் பையனோட அம்மாவும் அதே சாமியத்தான் கும்புட்டா" என்றார். அதற்கப்புறம் அவர் கோயிலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. கடலில் இறங்கும்போது மட்டும் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் வைப்பார். அது சாமி கும்பிடுவது இல்லை, மரியாதை என்பார்.

அவனுடைய அம்மா, நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன், இப்போதும் இங்கேதான் இருக்கிறார். சுனாமி குடியிருப்பில் வீடு. இன்று அந்தத் தெரு வழியாக வந்தேன். கதவு திறந்திருந்தது. எப்போதும் போலக் கொஞ்சம் வேகமாக நடந்து கடந்துவிட்டேன். இருபது வருடமாக இப்படித்தான் கடக்கிறேன்.

நாள் 4 – ஜூன் 16, திங்கள். திருப்பாதிரிப்புலியூர்

சோமவாரம் என்பதால் அம்மா இன்றைக்குத்தான் என்று முடிவு செய்திருந்தாள். வேண்டுதல் எளிமையானது. அபிஷேகத்துக்குப் பால், அப்புறம் நான் பிரகாரத்தை 11 சுற்று என் காலால் நடக்க வேண்டும். "ஊனுகோல் இல்லாம" என்று வேண்டிக்கொண்டாளாம். அவள் வேண்டியபோது நான் இரண்டு கட்டையோடு கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மறுபடி ஆட வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. இன்றுதான் எனக்கு அது தெரிந்தது. "நடந்தாப் போதும்னுதான் கேட்டேன். ஆடுறது உன் இஷ்டம்" என்றாள். நான் இதுவரை ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அம்மாவின் பிரார்த்தனைதான் காரணம் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்.

கோயிலின் தலமரம் பாதிரி. ஊரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கோயில் என்றால் அப்பர் ஞாபகம் வருவார். பல்லவ மன்னன் அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போடச் சொன்னான், கல் மிதந்தது, அவர் கரை சேர்ந்து இந்தக் கோயிலுக்கு வந்தார் என்பது வரலாறு. கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர், பக்கத்தில்தான் இருக்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த முதல் கதைகளில் ஒன்று.

ஏழாவது சுற்றில் பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா ஏன் வரல?" என்றாள். அப்பாவை நேற்று ராத்திரி நானும் கேட்டிருந்தேன். வலையில் பாசி எடுத்துக்கொண்டே சொன்னார்: "அப்பர் கரையேறினார்டா. நான் இல்லன்னு சொல்லல. எல்லாரும் கரையேறலயே."

நான் அதைப் பாப்பாவிடம் சொல்லவில்லை. தாத்தாவுக்கு வேலை இருக்கிறது என்றேன். மீதி நான்கு சுற்றும் அந்த வாக்கியத்தோடுதான் நடந்தேன். அப்பா நம்பிக்கை இல்லாதவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. தனக்கு மட்டும் கிடைத்ததை வாங்கிக்கொள்ள அவருக்குக் கை நீளவில்லை. என்னுடைய சிக்கலும் அதேதான். அவர் வாய்விட்டுச் சொன்னார், நான் கையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சாயங்காலம் அண்ணா விளையாட்டு அரங்கத்துக்குப் போனோம். பெண் பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். கடலூர்க் கால்பந்து என்று சொன்னால் நாட்டில் யாருக்கும் எங்களைப் போன்ற ஆண்களைத் தெரியாது. பெண்களைத்தான் தெரியும். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர். சந்தியா ரங்கநாதன் பண்ருட்டி. சுனாமியில் பெற்றோரை இழந்து விடுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஊரில் பந்து பழக்கினார்கள், அந்தப் பிள்ளைகள் மாநில அணி வரை போனார்கள். 2018-ல் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறையாக தேசிய சீனியர் பெண்கள் கோப்பையை எடுத்தது. 2023-ல் ஹரியானாவை வென்று மறுபடியும். எங்கள் ஆண்கள், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் இதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. இந்த மாதக் கடைசியில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆடுகிறார்கள். அங்கே இருந்த பிள்ளைகள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அவளுக்கு உள்ளங்காலால் பந்தை நிறுத்தக் காட்டிக்கொடுத்தாள். நான் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இடது பக்கம் ஆடிய ஒரு பெண் உடம்பைத் தப்பாகத் திருப்பினாள். அறியாமல் எழுந்து போய், பந்து வருமுன்பே இடுப்பைத் திறந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த முறை சரியாகச் செய்தாள். நான் கோல் அடித்தபோதுகூட இப்படி ஒரு நிம்மதி இருந்ததில்லை.

நாள் 5 – ஜூன் 17, செவ்வாய். வடலூர்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. என் ஒன்பது மாதமும் அம்மா மீன் சாப்பிடவில்லை. கடற்கரைக் குடும்பத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று கடற்கரைக்காரர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் காய்கறிக் குழம்பு என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அம்மா மீன் விற்கிறவள். கூடையில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். இன்று பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி தாண்டும்போது கேட்டேன். "வித்தேன். அது பொழப்பு. தின்னல" என்றாள். கொஞ்சம் கழித்து, "கால அறுத்துத் தெச்சுப் படுக்க வச்சிருக்காங்க. நான் எப்படிடா மீன அறுத்துத் தின்னுவேன்?" என்றாள்.

அப்போது வைத்ததுதான் வடலூர் வேண்டுதல். தருமச்சாலைக்கு ஒரு மூட்டை அரிசி.

கடலூரிலிருந்து 35 கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் பலாப்பழம், இது சீசன். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் அடியோடு சாய்ந்தன. திரும்ப வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன.

முதலில் சத்திய ஞான சபைக்குப் போனோம். வள்ளலார் 1872-ல் திறந்தது, எட்டுக் கோணமாக இருக்கும். வாசலுக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டாள். கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று தெரியும். "நாம கடக்கரைக்காரங்க. வெளிய நின்னே கும்புடுவோம்" என்றாள். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. ஒன்பது மாதம் சுத்தமாக இருந்தாயே, அப்போது வந்திருக்கலாமே என்றேன். "நான் தின்னல, ஆனா வித்தேன்ல" என்றாள். அவளுக்கு அந்தக் கணக்கில் குழப்பமே இல்லை. நாங்கள் நான்கு பேரும் வெளியே நின்று, தூரத்திலிருந்து கும்பிட்டோம்.

அப்புறம் தருமச்சாலை. அங்கே யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. 1867 மே 23-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு. 158 வருடமாக அணையவில்லை. ஜாதி, மதம், ஊர், என்ன தின்கிறவன், எதுவும் கேள்வி இல்லை. பசி ஒன்றுதான் தகுதி. அடுப்பைப் பாப்பா எட்டிப் பார்த்தாள். பெரிய வாய், உள்ளே விறகு, முகத்தில் அடிக்கும் வெக்கை. "இத யாரு அணைக்காம பாத்துக்கிறாங்க?" என்று கேட்டாள். வருகிறவர்கள் எல்லாரும்தான் என்றாள் மனைவி.

பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கு இடது பக்கம் ஒரு லாரி டிரைவர், அதற்கடுத்துப் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு அந்தப் பக்கம் கோயில் வாசல்களில் படுக்கிறவர் போலிருந்த ஒரு பெரியவர். சோறும் சாம்பாரும் ஒரே கரண்டியிலிருந்து வரிசையாக வந்தன. எத்தனையோ டிரஸ்ஸிங் ரூமில் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே முதல் பதினோரு பேர் யார், பெஞ்ச் யார் என்பது தட்டைப் பார்த்தாலே தெரியும். எனக்கு இடம் கிடைத்தால் இன்னொருவன் எழுந்திருக்க வேண்டும். 15 வருடமாக அப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன். இந்தப் பந்தியில் நான் உட்கார்ந்ததால் யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு இலை போட்டார்கள், அவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டு அரிசி மூட்டையைக் கொடுக்கப் போனோம். ரசீது எழுதுகிறவர் பேனாவை எடுத்து, "யார் பேருக்கு?" என்றார்.

அம்மா என் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு எங்கள் கோல்கீப்பரின் பெயரைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. இருபது வருடத்தில் அந்தப் பெயரை அம்மா எதிரே நான் உச்சரித்ததில்லை. அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேண்டுதல், ஒன்பது மாதம் அவள் வாயைக் கட்டியது, அதை எடுத்து இன்னொருவன் கணக்கில் போட்டுவிட்டேன்.

அம்மா ஒரு அடி முன்னால் வந்து, "நட்சத்திரம் ரோகிணி" என்றாள். அவர் அதைக் கேட்கவே இல்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாசந்தான. நானும் அவளும் சேந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். அப்புறம், "வருசா வருசம் அவன் பேருக்கும் ஒரு அர்ச்சன பண்ணிக்கிட்டுதான் இருக்கேன். உங்கப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

நாள் 6 – ஜூன் 18, புதன். தேவனாம்பட்டினம்

காலையில் கிளப்புக்குப் பதில் சொல்லிவிட்டேன். இந்த வருடம் வரவில்லை. மேனேஜர் நல்ல மனிதர், இரண்டு முறை யோசிக்கச் சொன்னார். டி லைசென்ஸ் கோச்சிங் படிப்புக்கு எப்போது விண்ணப்பம் போடலாம் என்று அவரிடமே கேட்டேன். மனைவியிடம் சொன்னபோது, "வில்லியனூர்ல வீடு பாக்கணுமா, கடலூர்லயா?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை. காசு விஷயத்தில் அடுத்த வருடம் கஷ்டம்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை.

பாப்பா, "எத்தன நாள்?" என்று கேட்காமல் என் பூட்ஸை எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கடலிலிருந்து வந்ததும் ரசீதைக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். மெதுவாகப் படித்தார். ஈரக் கை படக் கூடாதென்று ஓரத்தில் பிடித்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "இது நம்ம வீட்ல இருக்க வேண்டியது இல்ல. அவங்க வீட்ல குடுத்துடு" என்றார்.

தனியாகத்தான் போனேன். கதவு இன்றும் திறந்திருந்தது. பெரியம்மா வாசலில் உட்கார்ந்து கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "வாப்பா. காலு எப்பிடி இருக்கு? அன்னிக்கு வேகமா நடந்து போறத பாத்தேன். சரியாயிடுச்சு போலன்னு நெனச்சேன்" என்றார்.

வடலூர் விபூதியைக் கொடுத்தேன். நெற்றியில் வைத்துக்கொண்டார். ரசீதை நீட்டினேன். என்ன சீட்டு என்று கேட்டார். சொன்னேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி, தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடமே கொடுத்து, "படி" என்றார்.

பெயரைப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.